பழி முன்னே, விசாரணை பின்னே

திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஒரு பள்ளி. அங்கே தமிழ் கற்பிக்கும் இளைஞன் நான். பிறர் குற்றத்தை எடுத்துரைக்க எழுதவில்லை. என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள், மாணவர்களின் சுற்றுலாவுக்கெனத் திரட்டிய 1,200 ரூபாய் காணாமற்போயிற்று. உடன் பணியாற்றும் ஒருவர், “வேறு யார்? அந்தத் தெருப் பையனாகத்தான் இருக்கும்” என்றார். சான்று கேட்டேனா? இல்லை. சாட்சி தேடினேனா? இல்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், நூற்றுக்கணக்கான மாணவர் முன்னே அவன் பெயரைக் கூவி அழைத்து நிறுத்தினேன். “எடுத்த பணத்தைக் கொடுத்துவிடு” என்றேன். அவன் அழவில்லை; மறுக்கவுமில்லை. நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அதே வாரம் வகுப்பில் சிலப்பதிகாரக் கதை நடத்தினேன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான் பாண்டியன், விசாரிக்காமலே கோவலனைக் கொல்லப் பணித்தான், கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, மன்னன் மாண்டான். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “விசாரிச்சிருந்தா கோவலன் பிழைச்சிருப்பான்ல சார்?” என்று கேட்டாள். கையிலிருந்த புத்தகம் கனத்தது. அன்று மாலை விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். உள்ளே 1,200 ரூபாய்! வைத்தவன் நான், மறந்தவன் நான், பழி சுமந்தவனோ அவன்.

“அந்தத் தெருப் பையன்” — இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வெள்ளையன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொன்றைச் செய்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடியவனைப் பிடிப்பதல்ல அச்சட்டம். பிறந்தவனையே திருடன் என்று பதிவேட்டில் எழுதுவது! திண்டுக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர் மக்கள்மேல் அது பாய்ந்தது. கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. 16 உயிர்கள் மடிந்தன. 1947-இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை ஒழித்தது. ஏட்டிலிருந்து ஒழிந்தது சட்டம். எங்கள் ஆசிரியர் அறையிலிருந்து ஒழிந்ததா?

ஏழை எளியவர்க்கு மட்டுமே நேர்வதா இது? புகழின் உச்சியில் இருந்தவர்களையும் பழி விட்டதில்லை. லட்சுமிகாந்தன் என்றொருவர் ‘சினிமா தூது’ நடத்தினார்; பின்னர் ‘இந்து நேசன்’ நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைச் செய்திகளே அவர் சரக்கு. விசாரணை இல்லை, விளக்கம் இல்லை; பெயரைப் போடு, பிழைப்பை நடத்து! ‘சினிமா தூது’ ஏட்டின் உரிமத்தை நீக்குமாறு ஆளுநரிடம் முறையிட்டவர்களுள் எம்.கே. தியாகராச பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தனர். 1944 நவம்பர் 8-இல் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அந்தக் கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அடுத்து நடந்ததென்ன? ‘ஹரிதாஸ்’ திரையில் வெற்றிமுரசு கொட்டிக்கொண்டிருந்த வேளையில் அதன் நாயகர் கைதானார், கலைவாணரும் கைதானார். 1945-இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

விடுதலை கிடைத்தது, இழந்த வாழ்வு கிடைத்ததா? பாகவதரின் பழைய பேரொளி மீளவே இல்லை, 1959-இல் மறைந்தார். கலைவாணர் மீண்டும் சிரிக்கவைத்தார், சிந்திக்கவைத்தார், அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யை 1949-இல் தந்தார், எனினும் 1957-இல், ஐம்பது வயதையும் எட்டாமலே மறைந்தார். நாடே கொண்டாடிய நாவுக்கரசர்களுக்கே இந்தக் கதியென்றால், நாவிருந்தும் பேச வழியில்லாத கூலிக்காரன் மகனுக்கு என்ன கதி?

“பெயரை மறைத்தால் பணமுதலைகள் தப்பிவிடுவார்களே! பெயர் வெளிவந்தால்தானே பாதிக்கப்பட்ட வேறு பெண்களும் துணிந்து வருவார்கள்?” என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, தட்டிக் கழிக்கக் கூடாதது. யாரும் அறியாமல் ஒருவரைக் கைது செய்வது கொடுங்கோன்மை. கைதைப் பதிவுசெய்து உறவினருக்குத் தெரிவிக்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் கூறியதும் அதனால்தான். வழக்கு திறந்த மன்றத்தில் நடக்கட்டும். செல்வாக்குள்ளவர்மீது குற்றப்பத்திரிகை வந்தால் ஏடுகள் எழுதட்டும். நான் எதிர்ப்பது வேறு: கைகட்டி நிற்கவைத்துப் படமெடுப்பதை, ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘குற்றவாளி’ என எழுதுவதை, முதற்பக்கத்தில் பழியைப் போட்டுவிட்டு விடுதலையை ஒரு மூலையிலும் போடாதிருப்பதை. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவரின் பெயரையும் பள்ளியையும் வெளியிடக் கூடாதென 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. பெரியவர்க்கு அத்தகைய காப்பில்லை. காவல்துறை செய்தியாளரிடம் பேசும் முறைக்கு விதி வகுக்குமாறு 2023-இல் உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசைப் பணித்தது. விதி வரட்டும், ஆனால் நம் நாவுக்கு விதி வகுப்பது நாமல்லவா?

பணம் கிடைத்த அன்றே அவன் வீட்டுக்கு ஓடினேன். தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. வாசலில் அமர்ந்து மாங்காய்ப் பூட்டொன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அரத்தைக் கீழே வைத்தார்.

“பழிய ஊரு முன்னாடி போட்டீங்க சார். மன்னிப்ப மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேக்குறீங்களே?”

சட்ட நூல்கள் அனைத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டதாக எனக்குப் பட்டது. மறுநாள் அதே வழிபாட்டுக் கூட்டத்தில், அதே இடத்தில் நின்று, அதே குரலில், தவறு செய்தவன் நான் என்று சொன்னேன். அவன் பெயரை மீண்டும் சொன்னேன். இம்முறை குற்றமற்றவன் என்று.

அவன் திரும்பி வந்தான், படிக்கிறான். ஆனால் வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனாலும் இரண்டு மூன்று தலைகள் அவன் பக்கம் திரும்புகின்றன. அந்தத் தலைகளைத் திருப்பி வைத்தவன் நான். அவற்றை நேராக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பெயர் ஏட்டிலே, ‘திருடன்’ என்று அழைக்கப்பட்ட ஒருவன் நாள்தோறும் “உள்ளேன் ஐயா” என்கிறான். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், பாண்டியனைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு என்ன தகுதி என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.