வால்வு இல்லாத எஞ்சினின் வாசல்

யமஹா ஆர்எக்ஸ்100-ஐப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்குப் போர்ட்டிங் தெரிந்த வேலைதான். சிலிண்டர் சுவரில் உள்ள துளையை அரத்தால் கொஞ்சம் உயர்த்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். இத்தகைய டூ-ஸ்ட்ரோக்கின் சிலிண்டரில் கேம்ஷாஃப்ட் திறந்து மூடும் வால்வு இல்லை. காற்று எப்போது நுழையும், புகை எப்போது வெளியேறும் என்பதைத் துளையின் விளிம்பே தீர்மானிக்கிறது. பிஸ்டனும் இல்லாத வாங்கெல் ரோட்டரி எஞ்சினில் துளை விளிம்பை நகர்த்தும் இதே வேலையை இப்போது கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் செய்கிறது. அந்த விளிம்புக் கோட்டை முதலில் நகர்த்தியது யார் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் திரிம்பாக்கில்.

ஈழத்தமிழர் பலருக்கு மனோன்மணி அம்பாள் ஆலயத்தால் அறிமுகமான ஊர் இது. ஹவென்ஸ்டைன் மலையடியில், ஓல்ட்டன் நகரை ஒட்டி இருக்கிறது. ஓல்ட்டன் ரயில் பட்டறையை நடத்திய நிக்லவுஸ் ரிக்கன்பாக் அமைத்த பல்சக்கர ரயில் 1871-இல் ரிகி மலை ஏறியது. இரும்பைச் செதுக்கும் தொழில் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக நடக்கிறது. பந்தயமும் இங்கே மலையோடு சேர்ந்தது. 1955-இல் பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களைத் தடை செய்தது. மலையேற்றப் பந்தயங்கள் தொடர்ந்தன. எடை குறைந்த, வேகமாகச் சுழலும் எஞ்சின் அதற்குத் தோதானது.

சுவிட்சர்லாந்துக்குள் கிடைத்த முதல் தடயம் ஜெனீவா. ஜெர்மனியின் என்எஸ்யூவும் பிரான்ஸின் சிட்ரோயெனும் ரோட்டரி காருக்காக 1964-இல் அங்கேதான் கோமோபில் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அங்கிருந்து இன்னும் பின்னே போனால் ஃபெலிக்ஸ் வாங்கெல். ரோட்டரி எஞ்சினுக்கு முன்பே, லிண்டாவில் இருந்த தன் ஆய்வுப் பட்டறையில் விமான எஞ்சின்களுக்கான சுழலும் வால்வுகளோடு போராடியவர். வாயு போய்வரும் வாசலும் அதை அடைக்கும் சீலும்தான் அவர் வாழ்நாள் அக்கறை. அவருடைய எஞ்சின் 1957 பிப்ரவரி 1 அன்று என்எஸ்யூவில் முதன்முதலாக ஓடியது.

1964-இல் வந்த என்எஸ்யூ ஸ்பைடரும் 1967-இல் வந்த ஆர்ஓ 80-உம் காற்றை ரோட்டரைச் சுற்றியுள்ள வெளிச்சுவர் வழியாக உள்ளே விட்டன. இந்தச் சுற்றுச்சுவர் போர்ட் ஏதாவது ஓர் அறைக்கு எப்போதும் திறந்தே இருக்கும். உயர் வேகத்தில் தாராளமாக மூச்சு விடும். ஐடிலிங்கில் புகை கலந்து தடுமாறும். 1961-இல் உரிமம் பெற்ற ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் வேறு வழி பிடித்தது. 1967 காஸ்மோ ஸ்போர்ட்டில் நுழைவாயில், ரோட்டரைப் பக்கவாட்டில் மூடும் பக்கத் தகட்டுக்கு நகர்ந்தது. சாலையில் வண்டி சாதுவானது. பந்தயத்தில் அதே மாஸ்டா சுற்றுச்சுவருக்கே திரும்பியது: 1991-இல் லெ மானை வென்ற 787பி-யின் நான்கு ரோட்டர் எஞ்சின் அந்த வகை.

என் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பக்கத் தகட்டில் போர்ட்டைப் பெரிதாக்கும் ஒவ்வொருவரும், சாலைக்காக மாஸ்டா விட்டுக்கொடுத்த மூச்சைத் திரும்பக் கேட்கிறார்கள்.

மாஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சினின் பக்கத் தகட்டைக் கையில் எடுத்தால் அந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். கனமான வார்ப்பிரும்பு, வழவழப்பான முகம், அதில் ஒரு துளை. துளையின் மூடும் விளிம்பைத் தள்ளிவைத்தால் காற்று கூடுதல் நேரம் நுழையும். உள்பக்கம் அதிகம் போனால் எண்ணெய் சீலின் பாதை. வெளிப்பக்கம் போனால் மூலை சீலின் பாதை. துணிந்தவர்கள் வெளியே புருவம்போல இன்னொரு பிளவு வெட்டி, சீல்களைத் தாங்க நடுவில் மெல்லிய இரும்புப் பாலத்தை விட்டுவைப்பார்கள். இதுவே பிரிட்ஜ் போர்ட். பல காலமாக இதற்கு வழி ஒன்றுதான்: முகத்தில் நீல மை பூசி, மாதிரித் தகடு வைத்துக் கீறி, கை கிரைண்டரால் அந்தக் கீறல்வரை தேய்ப்பது. நல்ல கை இருந்தாலும் முதல் ரோட்டரின் வாசலும் இரண்டாவதன் வாசலும் நூல் பிசகாமல் ஒத்துப்போவது அரிது.

சிஎன்சி தீர்ப்பது இதைத்தான். அதன் முன்னோடியான எண் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்ஐடி 1952-இல் இயக்கிக் காட்டியது. ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் சிறகுகளுக்காகத் தொடங்கிய யோசனை அது. ரோட்டரி எஞ்சின் இதற்கு ஒத்துழைக்கும் பொருளும்கூட. 13பி-யில் ரோட்டர் முனையின் பாதையை 15 மி.மீ. விலகல், 105 மி.மீ. ஆரம் என்ற இரண்டு எண்களிலிருந்தே கணித்துவிடலாம். சீல் எங்கே உரசும், போர்ட் எதுவரை போகலாம் என்பது வெட்டும் முன்பே திரையில் தெரியும். ஒருமுறை சரிபார்த்த வடிவத்தை எத்தனை தகட்டிலும் அப்படியே எடுக்கலாம்.

முகத்தின் பின்னால் இந்தக் கணக்கு செல்லாது. தகடு மணல் அச்சில் வார்த்தது. உள்வெற்றிடத்துக்காக அச்சில் வைக்கும் கோர் சற்று நகர்ந்திருந்தால் குளிர்நீர்ப் பாதைக்கும் போர்ட்டுக்கும் இடையிலான சுவர் ஓரிடத்தில் மெலிந்திருக்கும். கோவை ஃபவுண்ட்ரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அந்த இடத்தில் புரோகிராம் சொன்னபடி டூல் இறங்கினால் நீர்ப்பாதை உடையும், தகடு வீண். அதனால் ஒவ்வொரு தகட்டின் சுவரையும் அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, தேவையான இடத்தில் வெட்டைக் குறைத்த பிறகே ஸ்பிண்டிலை ஓட விட வேண்டும்.