கெடுவுக்கு முன்னால்

கெடு என்ற சொல்லுக்கு நம் வாழ்க்கையில் நிரம்ப மரியாதை உண்டு. அடகுக் கடைக்கு ஒரு கெடு, வாடகை வீட்டுக்கு ஒரு கெடு, ஏலச் சீட்டுக்கு ஒரு கெடு என்று, நடுத்தரக் குடும்பத்தின் காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து வைத்த தேதிகளில் பாதிக்கு மேல் கெடுத் தேதிகள்தாம். பண்டிகைகளுக்கு மிஞ்சுவது மற்றப் பாதி. இந்த வரிசையில் இப்போது கைப்பேசியும் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. "இந்தப் போனை இத்தனை மாதம் வைத்துக்கொள்கிறேன், இத்தனை மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன்" என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். கெடு முடிவதற்குள் அதைவிட நல்ல போன் ஒன்று கடைக்கு வந்துவிடுகிறது. ஆசை ஒரு பக்கமும் ஒப்பந்தம் ஒரு பக்கமுமாக இழுக்கத் தொடங்குகின்றன.

என் தமக்கை மகன் ஒருவன் இருக்கிறான். நாலு தவணை பாக்கி இருக்கும்போதே அடுத்த போனுக்குத் தாவிவிடுவான். "கெடு வரைக்கும் வெச்சிருந்தா அப்புறம் எவனும் தொடமாட்டான் மாமா. விலை போகும்போதே தள்ளிவிட்டுடணும்" என்பது அவனுடைய வேதாந்தம். என் மனைவியின் கட்சி வேறு. "கையெழுத்துப் போட்டாச்சுன்னா போட்டதுதான். முடியட்டும், பார்க்கலாம்" என்பாள். இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர், ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைக்கும் ஒரு தாயார். அவருடைய கதைக்குப் போகும் முன், இந்தக் கெடு நம் ஊருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 'மான்சூன் ஹங்காமா' என்ற பெயரில், 501 ரூபாய் கட்டினால் கையில் போனைக் கொடுத்தது. மீதியை மாதாமாதம் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். அது சி.டி.எம்.ஏ. என்ற முறையில் இயங்கிய போன். கம்பெனியைப் பிடிக்கவில்லையென்றால் சிம் அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளும் சௌகரியம் அதில் கிடையாது. போனும் கம்பெனியும் கணவன் மனைவி மாதிரி. ஒன்றை விட்டால் மற்றொன்றும் போயிற்று.

பதினான்கு வருஷம் கழித்து, 2017 ஜூலையில், ஜியோபோன் வந்தது. பித்தான் வைத்த போன்தான். ஆனால் இன்டர்நெட் உண்டு. விலை இல்லை என்றார்கள். 1,500 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும், 36 மாதம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். முன்னாலேயே கொடுத்தால் பிடித்தம் உண்டு. முதல் வருஷத்தில் 1,500 ரூபாயும், இரண்டாம் வருஷத்தில் 1,000 ரூபாயும், மூன்றாம் வருஷத்தில் 500 ரூபாயும், வரி தனியாகவும் போய்விடும் என்பது நிபந்தனை. ஏழை வீட்டிலும் இன்டர்நெட் நுழைந்தது, அதனுடன் கூடவே ஒரு கெடுவும் நுழைந்தது.

இனி மலைக்குப் போகலாம். நாவல் ஒன்றுக்குத் தகவல் திரட்டுவதற்காகச் சென்ற வருஷம் ஜமுனாமரத்தூரில் பத்து நாள் தங்கியிருந்தேன். போளூரிலிருந்து பஸ் ஏறினால், வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு போய்ச் சேரும் ஊர். சாமை, புளி, பலா, தேன் இவைதான் அந்த மலையின் செல்வம். அங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நான் தங்கிய இடத்தில் சமையல் செய்த அம்மாள் அந்த இனத்தைச் சேர்ந்தவர். விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் இந்த வேலை. என் போனைச் சதா நோண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரு நாள் தம் வீட்டுப் போன் கதையைச் சொன்னார்.

அவர் வீட்டில் இருந்தது மூன்று வருஷக் கெடு போட்ட முன்பணப் போன். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. அது கதைக்கு வேண்டியதுமில்லை. 2018 தொடக்கத்தில் வாங்கியிருந்தார்கள். மூத்த பெண் கீழே ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரெல்லாம் அடைத்தார்களல்லவா? விடுதியும் மூடப்பட்டது, பெண் பெட்டியோடு மலைக்கு வந்து சேர்ந்தாள். ஆகஸ்டு மாதம் வகுப்புகள் போன் வழியாக நடக்கத் தொடங்கின. பித்தான் போனின் திரை தீப்பெட்டி அகலம். பேராசிரியர் அனுப்பிய கணக்குகள் அதில் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. நேரடி வகுப்பு அதில் திறக்கவே இல்லை. ஸ்மார்ட்போன் வேண்டும். ஆனால் கெடு முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி.

வீட்டில் இரண்டு யோசனைகள் எழுந்தன. "போனைத் திருப்பிக் குடுத்துட்டு வர்ற காசை வாங்கு" என்றார் கணவர். "ஏழு மாசம் பொறுத்துக்கலாம், அதுக்குள்ள காலேஜே திறந்துடும்" என்றார் மாமியார். அந்த அம்மாள் இரண்டையும் ஏற்கவில்லை. சுய உதவிக் குழுவில் 5,000 ரூபாய் கடன் வாங்கி, வேலூரில் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிவரச் செய்தார். மாதம் 500 வீதம் பத்துத் தவணை, வட்டி தனி. பித்தான் போனைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. அதற்குக் கட்ட வேண்டிய பணத்தை நிறுத்தவுமில்லை. இரண்டு போனுக்கும் பணம் போட வேண்டியிருந்ததால், அந்த ஏழு மாதமும் டி.வி.க்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு மேலே ஒரு பாறை. அதன் உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். தாயும் மகளும் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். ஆடு மேயும், பெண் படிப்பாள்.

"ஏம்மா, முன்பணம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதைக் கணக்குப் பண்ணித்தானே சார் கடனே வாங்கினேன்! ஏழு மாசம் ஏழு தவணை கட்டிட்டா, மூணு தவணை மிச்சம். ஆயிரத்து ஐந்நூறு. கெடு முடிஞ்சதும் போனைக் குடுத்தேன். அவங்க குடுத்த பணம் நேரா குழுவுக்குப் போயிடுச்சு" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பட்டணத்தில் நாங்கள் கெடுவை முறிப்பதா, காப்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த அம்மாளோ முடியப்போகிற கெடுவையே நம்பி, முடியாத காரியத்தைத் தொடங்கியிருக்கிறார். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால் முன்பணத்தில் ஒரு பங்கு போயிருக்கும். காத்திருந்தால் பாடம் போயிருக்கும். மறு வருஷம் ஜனவரியில் அரசாங்கம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரையில் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று அறிவித்தபோது, அதைப் போட்டுக்கொள்ள அந்த வீட்டில் ஒரு போன் தயாராக இருந்தது.

"அப்படியானால் கெடுவுக்கு முன்னாலே மாற்றுவது சரிதான் என்கிறாயா?" என்றேன்.

அந்த அம்மாள் அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார்: "சாமை முத்தறதுக்கு முன்னாடி அறுத்தா பதருதான் சார். ஆனா மானம் கறுத்துக்கிட்டு மழை வருதுன்னா, அரை முத்தலா இருந்தாலும் அறுத்துத்தான் ஆவணும். மேகமே இல்லாதப்ப போய் அறுக்கறவன் கிறுக்கன்."

இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. கெடு முடிந்ததா என்று மட்டும் பார்ப்பது போதாது. வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பு, பிழைப்பு, வைத்தியம் இவை மேகங்கள். விளம்பரம் மேகம் அல்ல. அடுத்த வீட்டுக்காரர் கையில் இருக்கும் புதுப் போனும் மேகம் அல்ல.

மேகம் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் அந்த மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதன் இன்னொரு பக்கத்தில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வுக்கூடம் உள்ளது. அங்கே 1972-இல் நிறுவிய நாற்பது அங்குலத் தொலைநோக்கிக்கு 2022 டிசம்பரில் பொன்விழாக் கொண்டாடினார்கள். ஐம்பது வருஷத்தில் விஞ்ஞானம் எவ்வளவோ ஓடிவிட்டது. அதைவிடப் பெரிய தொலைநோக்கியும் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் பழையதைத் தூக்கி எறியவில்லை. அந்தக் காலத்தில் புகைப்படத் தகட்டில் பதித்ததை இப்போது மின்னணுக் கருவிகளில் பதிக்கிறார்கள். ஒளியை வாங்கும் கண்ணாடி அப்படியே இருக்கிறது. அதன் பின்னால் இருப்பது மாறியிருக்கிறது. நம் போன் விஷயத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். போன் முழுவதும் பழசாகிவிட்டதா, அல்லது பாட்டரி மட்டுந்தானா? பாட்டரியை மாற்றினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் போனுக்காக, முடியாத தவணைமேல் புதுத் தவணையை ஏற்றிக்கொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இவ்வளவும் நம் பக்கத்துக் கணக்கு. கம்பெனிக்காரர்களின் பக்கமும் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் ஏர்டெல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 12,000 ரூபாய் வரையிலான ஸ்மார்ட்போன் வாங்கி, 36 மாதம் விடாமல் 249 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தால் 6,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். 18-ஆம் மாதம் 2,000, முடிவில் 4,000. 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ் என்றால் 36 மாதத்துக்குச் சுமார் 39 ரீசார்ஜ். அன்றைய விலையில் ஏறக்குறைய 9,700 ரூபாய். அடுத்த மாதமே கட்டணங்கள் ஏறின. 249 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. வாங்குகிறவர் 36 மாதம் அசையக் கூடாது. கட்டணம் மட்டும் அசையலாம்! ஒப்பந்தங்களின் இயல்பு பெரும்பாலும் இதுதான். ஆகவே கையொப்பம் போடுவதற்கு முன்பு, "எனக்குக் கெடு இருக்கிறதே, உங்களுக்கு என்ன கெடு?" என்று கேட்டுவிடுவது நல்லது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டொராண்டோவில் வாழும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் கனடாவில் மூன்று வருஷ ஒப்பந்தம் என்பது சர்வ சாதாரணம். 2013 டிசம்பரில் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் புது விதி கொண்டுவந்தது. எத்தனை வருஷத்துக்குக் கையொப்பம் போட்டிருந்தாலும் சரி, இரண்டு வருஷம் ஆனபின் அபராதம் இல்லாமல் விலகலாம். நம் நாட்டிலும் 2011 ஜனவரியில், கம்பெனியை மாற்றினாலும் எண்ணை மாற்ற வேண்டாம் என்ற ஏற்பாடு தேசம் முழுவதும் வந்தது. அதற்கு முன், எண் போய்விடுமே என்ற ஒரே பயத்தில் எத்தனை பேர் பிடிக்காத கம்பெனியிடம் கட்டுண்டு கிடந்தார்கள்! கெடுக்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர் போட்டவை, மனிதர் திருத்தக்கூடியவை.

அந்த அம்மாளின் பெண் இப்போது பி.எஸ்ஸி. முடித்துப் போளூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். வேலூரில் வாங்கிய பழைய ஸ்மார்ட்போன் தம்பிக்கு வந்திருக்கிறது. திரையில் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கிறது, மற்றபடி பழுதில்லை. "புதுசு வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான் சார்" என்றார் அந்த அம்மாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வெளியில போயி மேகம் இருக்குதான்னு பார்த்துட்டு வாடான்னேன்" என்று சொல்லிவிட்டு, சாமைச் சோற்றை இறக்கி வைத்தார்.