நடவுக்கு நாள் குறிக்கும் கோயில்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். தீவின் உள்ளே, பத்துக்காரு மலையின் சரிவில் இருக்கிறது ஜதிலுவி. கண்ணுக்கு எட்டிய வரை படிப்படியாக நெல்வயல்கள். மேல் வயலில் நிறைந்த தண்ணீர் வரப்பு தாண்டி அடுத்த வயலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மேலே இருப்பவர் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கீழே இருப்பவர் என்ன செய்வார்?

அதற்குத்தான் 'சுபக்'. ஒரே வாய்க்காலில் பாசனம் செய்யும் விவசாயிகளின் சங்கம் இது. 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடர்கிறது. ஒவ்வொரு சுபக்குக்கும் கோயில் உண்டு. வயலோரத்தில் நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குச் சின்னச் சன்னதியும் இருக்கும். ஒரே ஆற்றை நம்பியிருக்கும் பல சுபக்குகள் பெரிய தண்ணீர்க் கோயில் ஒன்றில் கூடி, யார் எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று முடிவு செய்வார்கள்.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. சீக்கிரம் விளையும் புது ரகங்களைக் கொடுத்து, முடிந்தவரை அடிக்கடி நடச் சொன்னது அரசு. கோயில் குறித்த நாள் ஓரங்கட்டப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு ஆளுக்கொரு நேரத்தில் நட்டதால் தண்ணீர் முறை குழம்பியது. எந்நேரமும் ஏதோ ஒரு வயலில் பயிர் நின்றதால் புகையான் பூச்சி பெருகியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை.

அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் இருவரும் இங்குள்ள இரண்டு ஆறுகளின் பாசனத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கோயில் போட்ட கணக்கு எவ்வளவு சரி என்று தெரிந்தது. பெரிய பரப்பில் எல்லோரும் ஒன்றாக அறுத்து வயலைச் சும்மா விட்டால் பூச்சிக்குத் தீனி இல்லை. ஆனால் எல்லோருமே ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே அளவு பார்ப்பதுதான் கோயில் கூட்டத்தின் வேலை.

மேல் வயல்காரர் தண்ணீர் விட்டுக்கொடுப்பதன் காரணமும் இதுதான். கீழ் வயலுக்குத் தண்ணீர் கிடைக்காமல் நடவு தள்ளிப்போனால், அங்கே பெருகும் பூச்சி நாளைக்கு அவர் வயலுக்குத்தான் வரும்!

2012-ல் யுனெஸ்கோ சுபக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் இன்று தீவின் பல பகுதிகளில் வயல்கள் விடுதிகளாக மாறுகின்றன. அவற்றின் நீச்சல் குளங்களுக்கும் தண்ணீர் வேண்டும். ஒருவர் வயலை விற்றால் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை. வாய்க்கால் தூர்வார ஓர் ஆள் குறைகிறார். கீழ் வயலுக்குப் போகும் வழியும் அடைபடலாம்.

பாலிக்குப் போகிறவர்கள் ஒரு நாளை ஜதிலுவிக்கு ஒதுக்கலாம். வரப்பில் நடக்கும்போது பாதையை விட்டு இறங்காமல், அங்கே விளையும் சிவப்பரிசியில் ஒரு பை வாங்கி வந்தால், பயிர் செய்கிறவருக்கும் நாலு காசு சேரும்.