பதக்கமும் பட்டமும்

பல்கலைக்கழக வாழ்வில் மாணவரைத் தரம்பிரித்து வழங்கும் பெயர்கள் இரண்டு: 'படிக்கிறவன்', 'விளையாடுகிறவன்'. முதலாம் ஆண்டின் முதற் சில வாரங்களிலேயே இவற்றுள் ஒன்று ஒருவனை வந்து பற்றிக்கொள்கிறது. இரண்டையும் ஒருங்கே தாங்க முயல்பவனை ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்பவன் என்பர். அவ்வாறு நிற்பவருள் நானும் ஒருவன். கலைப்பீடத்தில் சிறப்புப் பட்டம் பயில்பவன்; மைதானத்தில் 5,000 மீற்றர் ஓடுபவன். ஆதலின் இப்பொருள் பற்றிச் சில கூற எனக்கும் உரிமை உண்டென எண்ணுகிறேன்.

என் ஊர் அக்கரப்பத்தனை. தலவாக்கலைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி ஏறும் மலைகளிடையே அமைந்தது. அங்கு ஓட்டம் ஒரு விளையாட்டாக எமக்கு அறிமுகமாகவில்லை. லயத்திலிருந்து பாடசாலைக்குத் தேயிலைச் சரிவுகளில் ஏறியும் இறங்கியும் போனதே எமது பயிற்சி. சமதரை அரிதான அவ்விடத்தில் பிரட்டுக்களமே பல வேளைகளில் விளையாட்டுத் திடலாகும். மூச்சுக்கு உரமூட்டியது மலை. ஆயினும் அவ்வுரத்தை ஒரு தகுதியாக எவரும் எண்ணியதில்லை. பாடசாலைக் காலத்தில் மாகாணமட்டப் போட்டிக்குப் போவதாகக் கூறியபோது, "தம்பி, ஓடுறதுக்கா ஒன்னயப் படிக்க வச்சோம்?" என்று என் தாயார் கேட்டார். அக்கேள்வியில் வெறுப்பில்லை, கணக்கு இருந்தது. பறித்த கொழுந்தை நாள்தோறும் நிறுத்துக் கொடுத்து, பேர் விழுந்ததா என்று பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர் போட்ட கணக்கு அது.

அக்கணக்கை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தனவாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று. அங்கிருந்து வருபவனுக்குப் பட்டத்தின் வகுப்பே ஊராரும் தொழில் தருவோரும் வாசிக்கத்தக்க ஒரே சான்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மைதானத்தில் தோற்றால் ஒரு கிண்ணத்தை இழக்கிறான். எம்மவன் மைதானத்தில் வென்று வகுப்பை இழப்பானாயின், ஒரு குடும்பம் பல்லாண்டு காத்திருந்ததை இழக்கிறான்.

இவ்விரண்டும் ஒருவரிடம் பொருந்துமா என ஐயுறுவோர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களை நினைவுகூர்தல் நன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான அவர், 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்போணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்தார். 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டி, ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப்பதக்கத்தை வென்றார். அவரே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பயின்று, கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றுப் பல நாடுகளில் கல்விப் பணியாற்றினார். பாய்ந்த கால்கள் ஓய்ந்த பின்னரும் கற்ற கல்வி அவரை நடத்திச் சென்றது.

ஆயினும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் செம்மை எனக் கொள்ளலாகாது. வட கரொலைனாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில், 1993 முதல் 2011 வரை, விரிவுரையே நடைபெறாத பாடங்களுக்கு ஒரு கட்டுரையை மாத்திரம் பெற்று உயர்ந்த புள்ளிகள் வழங்கப்பட்டன. 3,100 இற்கு மேற்பட்ட மாணவர் அவற்றாற் பயனடைந்தனர் என்றும், அவருள் ஏறத்தாழ அரைவாசியினர் விளையாட்டு வீரர் என்றும் 2014 இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. இதற்கு மறுதலையாகச் சிக்காகோப் பல்கலைக்கழகம், கல்விக்கு இடையூறெனக் கருதி, 1939 இல் தன் புகழ்பெற்ற காற்பந்தாட்ட அணியையே கலைத்துவிட்டது. முன்னையது பதக்கத்திற்காகப் பட்டத்தை விற்றது; பின்னையது பட்டத்திற்காக மைதானத்தைத் துறந்தது.

எமது வழக்கம் இவ்விரண்டிலும் சேராது. நாம் கைதட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் நான் ஓடவேண்டிய நாளிலேயே தொடர் மதிப்பீட்டுப் பரீட்சை ஒன்றும் வந்தது. வேறொரு நாளில் எழுத அனுமதி கேட்டேன். "ஓடப்போகிறவர் நீர், பலனையும் நீரே ஏற்றுக்கொள்ளும்" என்பது கிடைத்த விடை. ஓடினேன், மூன்றாம் இடம் பெற்றேன். மறுவாரம் பாராட்டுக் கூட்டத்தில் மாலை விழுந்தது. அதே வாரம் புள்ளிப் பட்டியலில் என் சுட்டெண்ணுக்கு எதிரே பூச்சியமும் விழுந்தது. பாராட்டு மேடையில் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவன், பட்டியலில் தனக்காக ஓடியவனாகிவிட்டான்.

இரக்கங்கொண்ட நண்பரொருவர், "பதக்கத்தைக் காட்டிக் கேளும், பார்த்துப் போடுவார்கள்" என்றார். நான் இணங்கவில்லை. இரவிரவாக விழித்திருந்து படித்து அப்பரீட்சையை எழுதிய என் அறைத்தோழனுக்கு அது இழைக்கும் அநீதியாகும். மேலும், அவ்வாறு பெறும் வகுப்பை ஊருக்குக் கொண்டுசென்று எம்மவர்முன் எவ்வாறு வைப்பேன்?

விளையாட்டு மாணவனுக்கு வேண்டியது நாளேயன்றிப் புள்ளியன்று. போட்டிக்குச் சென்றவனுக்கு வேறொரு வினாத்தாளுடன் வேறொரு நாள் கொடுங்கள். திருத்தும்போது எவருக்கும் உள்ள அதே அளவுகோலால் அளவுங்கள். தவறினால் தவறியவனாகவே எழுதுங்கள். விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய, சர்வதேச மட்டங்களிற் சிறந்தோரை விசேட அனுமதி மூலம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உள்ளே எடுக்கிறது. வாயிலைத் திறந்துவிட்ட நாம், உள்ளே வந்தவன் நடப்பதற்கு ஒரு வழியையும் விட்டுவைத்தல் முறையன்றோ?

இதற்குப் பெரும் பணமோ புதிய சட்டமோ தேவையில்லை. பரீட்சை நாட்காட்டியும் போட்டி நாட்காட்டியும் ஒரே மேசையில் வைத்துத் தயாரிக்கப்பட்டாற் போதும். வரும் ஆண்டில் ஒரு பீடமாவது அதனைச் செய்யுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்தவனாவேன்.