வாழைப்பழம் கொடுத்த டீச்சர்



அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் ஃபெர்ரெட் வளர்க்கிறான். பார்க்க நம்மூர்க் கீரி மாதிரி. பாசத்தில் யாருக்கும் தெரியாமல் வாழைப்பழமும் பால்சோறும் ஊட்டினேன். வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டது. "இது முழு மாமிச உண்ணி. குடல் குட்டையானது. பழமும் பாலும் ஒத்துக்கொள்ளாது" என்றார் மருத்துவர். பேரன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவெல்லாம் அதை மடியில் வைத்திருந்தான். அதுதான் வலித்தது.

இதன் காட்டு உறவான கருங்கால் ஃபெர்ரெட்டும் இந்த நாட்டில்தான் இருக்கிறது. புல்வெளியில் 'பிரெய்ரி நாய்' என்னும் தரை அணிலைத் தின்று, அதன் வளையிலேயே குடியிருக்கும். மேய்ச்சல் நிலத்துக்காக அந்த அணில்களை விஷம் வைத்துக் கொன்றார்கள். ஃபெர்ரெட்டும் பூண்டோடு அழிந்ததாகவே நினைத்தார்கள். 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெர்ரெட்டைக் கவ்வி வந்தபோதுதான் சில மிச்சமிருப்பது தெரிந்தது. கடைசியில் பிடித்துக் காப்பாற்றிய 18-ஐ வைத்தே இனத்தைப் பெருக்கினார்கள்.

உணவுச் சங்கிலியில் ஓர் அம்புக்குறியை அழித்துவிட்டு, "இப்போது என்ன ஆகும்?" என்று உங்களைக் கேட்பேனே, ஞாபகமிருக்கிறதா? கேட்ட நானே மறந்துவிட்டேன்.

இப்போது அது தேறிவிட்டது. தினமும் கோழிக்கறி வைப்பது, சைவக்காரியான நான்தான்!