கியர், சேலை, சங்குப்பிட்டிக் காத்து

யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் ஸ்கூட்டி வாங்கினால் கூட்டாளிமார் சிரிப்பினம். ஒரு பெட்டை கியர் பைக் ஓடினால் ஒழுங்கையே திரும்பிப் பார்க்கும். ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வாகனம் எதுக்கு நல்லது என்று பார்க்க முதல், அதில் இருக்கிறது ஆம்பிளையா பொம்பிளையா என்று பார்க்கப் பழகிவிட்டோம். நான் ரெண்டையும் நாளாந்தம் ஓடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சிலதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கோப்பாயில் இருந்து பூநகரிப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறேன். கைதடி, நாவற்குழி, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பிறகு பூநகரி. போக வர அறுபது கிலோமீற்றருக்குக் குறையாது. நியமனம் கிடைத்தபோது என்னிடம் இருந்தது 110 சிசி ஸ்கூட்டி. அப்பாவிடம் பழைய 97 சிசி கியர் பைக், நாலு கியர்.

முதலில் எண்ணெய்க் கணக்கு. என்னுடைய ஸ்கூட்டி லீற்றருக்கு 42, 43 கிலோமீற்றர் ஓடும். அப்பாவின் பைக் அறுபது தரும். கிழமைக்கு 300 கிலோமீற்றர் என்றால் ஸ்கூட்டிக்கு 7 லீற்றர், பைக்குக்கு 5 லீற்றர். ரெண்டு லீற்றர்தானே என்று இப்ப தோன்றும். 2022 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கோ. கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதுவும் லீற்றர் 450 ரூபா. அந்த 4 லீற்றரில் ஸ்கூட்டி மூன்றாம் நாள் பாடசாலை முடிந்து வரும்போது நடுவழியில் நின்றுவிடும். பைக் நாலு நாளும் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடும். அஞ்சாம் நாளுக்கு பஸ். நான் கியர் பழகினது வீரம் காட்ட இல்லை, இந்தக் கணக்குக்காகத்தான்.

இந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது? ஸ்கூட்டியில் கியருக்குப் பதிலாக ஒரு பெல்ட்டும் ரெண்டு கப்பியும் இருக்கு. வேகத்துக்கு ஏற்ற மாதிரி கப்பியின் அகலம் தானாகக் கூடிக் குறையும், அதனால்தான் காலுக்கு வேலை இல்லை. ஆனால் பெல்ட்டின் உராய்வில் கொஞ்சச் சக்தி சூடாகிப் போய்விடும். பைக்கில் பல்லுச் சக்கரமும் செயினும் நேரே பிடித்துக்கொண்டு இழுக்கும், நழுவல் குறைவு. பராமரிப்பிலும் அப்படித்தான். பைக்கின் செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விட்டு, தளர்ந்தால் இறுக்க வேணும். ஆனால் அதை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஸ்கூட்டியின் பெல்ட் கனகாலம் தொந்தரவு தராது. வழியில் அறுந்தால் மட்டும் தள்ளிக்கொண்டு போகிறதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது சில்லு. கனக்க ஸ்கூட்டிகளுக்குப் பத்து அங்குலச் சில்லு, பைக்குக்குப் பதினேழு, பதினெட்டு. சின்னச் சில்லு பள்ளத்துக்குள்ளே இறங்கும். பெரிய சில்லு அதே பள்ளத்தை மேலால் தாண்டிவிடும். கேரதீவுக்குப் போகிற தெருவில் மாரிக்குப் பிறகு ஓடினவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் இன்னொரு விசயம் இருக்கு. ரெண்டு பக்கமும் கடல்நீர், காத்தை மறிக்க ஒரு மரமும் இல்லை. சோழகம் தொடங்கினால் பக்கவாட்டில் வந்து அடிக்கும். ஸ்கூட்டியின் முன்பக்கத் தகடு காத்தை வாங்கும், பாரமெல்லாம் பின்பக்கம், முன் சில்லு சின்னன். கையைச் சும்மா வைத்திருக்க ஏலாது. பைக்கிலும் காத்து அடிக்கும். ஆனால் தொடையால் டாங்கியை இறுக்கிப் பிடிக்கலாம், உடம்போடு வாகனம் சேர்ந்து நிற்கும்.

அப்ப பைக்தான் நல்லதா? யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ளே வந்து பாருங்கோ. ஆஸ்பத்திரி வீதியில் பின்னேரம் நாலு மணிக்குப் பத்தடிக்கு ஒருக்கால் நிற்க வேணும். கிளச் பிடித்தே இடது கை உளையும். ஸ்கூட்டியில் முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். கால் வைக்கிற தட்டில் கேஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைக்கலாம், அரிசி மூட்டை வைக்கலாம். சீற்றுக்குக் கீழே மழைக்கோட்டும் திருத்த வேண்டிய கொப்பிகளும் கிடக்கும். ஒழுங்கை வாழ்க்கைக்கு ஸ்கூட்டியை விட வசதியான சாமான் இல்லை.

ஆனால் ஸ்கூட்டி பொம்பிளையளின்ர வாகனமாகினது இதால் இல்லை. "கியர் போட பொம்பிளையளுக்கு ஏலாது" என்று சொல்லுவினம். கியர் பழக எனக்கு ரெண்டு பின்னேரம் போதுமாயிருந்தது. உண்மையான காரணம் சேலை. டாங்கி முன்னுக்கு உயர்ந்து நிற்கிற பைக்கில் சேலையோடு காலைத் தூக்கிப் போட ஏலாது. ஸ்கூட்டியில் முன்பக்கம் வெளியாய் இருக்கு. அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்குச் சேலைதான் உடுப்பு. 2022 இல் சில ஆசிரியைகள் வேறு உடுப்போடு போனபோது நாடு முழுக்கக் கதைத்தார்கள், உடுப்பு மாறவில்லை. அதனால் நான் சல்வாரோடு பைக்கில் போய், பாடசாலையில் சேலைக்கு மாறுகிறேன். அதுக்காக இருபது நிமிசம் முந்தி வெளிக்கிட வேணும். அதிபர் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒரு மாமி மட்டும் அம்மாவிடம், "பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்க இதையும் கேப்பினம்" என்றா. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அம்மா ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நான் பைக்கை எடுத்ததால் வீட்டில் மிஞ்சினது ஸ்கூட்டி. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து, கிக் அடிக்கவும் காலைத் தூக்கிப் போடவும் ஏலாமல் ஒரு வருசமாகிவிட்டது. ஆனாலும் ஸ்கூட்டியைத் தொடமாட்டார். "பொம்பிளையளின்ர சாமானில நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போறதோ?" வெங்காயத்தை ஓட்டோவில் அனுப்பினார், வந்த காசில் ஒரு பங்கு ஓட்டோவுக்கே போனது. பிறகு அதையும் விட்டு, தோட்டத்துக்கு வருகிற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தார். சந்தைக்குப் போகாத அப்பா வீட்டில் கதைக்கிறதும் குறைந்துபோனது. எனக்கு நட்டத்தை விட அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் அம்மாதான் கேட்டா: "உங்கட கால்நோ ஆம்பிளை பொம்பிளை பாத்தே வருது?"

அடுத்த நாள் விடிய நாலரைக்கு ஸ்கூட்டி ஸ்ராட் ஆன சத்தம் கேட்டது. ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் போனார். இப்ப எட்டு மணிக்கும் போகிறார், கால் தட்டில் ஒரு சாக்கு வெங்காயம்.

2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கினது. இப்ப கனபேர் புதுசு வாங்க யோசிக்கிறீர்கள். விலை லேசானது இல்லை, லீசிங் எடுத்தால் வருசக்கணக்கில் கட்ட வேணும். அதனால் மூன்று விசயத்தை முதலே பாருங்கோ. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், என்ன தெரு? என்ன சாமான் ஏற்றுவீர்கள், ஆர் பின்னுக்கு இருப்பினம்? வேலைக்கு என்ன உடுப்பு? இருபது கிலோமீற்றருக்குள் ரவுண் ஓட்டம் என்றால் ஸ்கூட்டி. வன்னித் தெருவில் நாள்தோறும் அறுபது என்றால் கியர். கடைக்கு முன்னால் ஒரு சுற்று ஓடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தெரிஞ்ச ஆக்களிட்டை ஒரு கிழமைக்கு மாறி வாங்கி, நீங்கள் போகிற தெருவிலேயே ஓடிப் பாருங்கோ.