என் லேப்டாப்ல ஓடுதே மச்சி!

ப்ராஜெக்ட் செய்த எல்லாரும் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க. நானும் சொன்னேன், ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி. நண்பனின் உபுண்டுவில் 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று எரர். என் விண்டோஸில் எல்லாம் சரி. "உனக்கு இன்ஸ்டால் பண்ணவே தெரியலடா" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. இம்போர்ட் பாதையை நோட் எப்படித் தேடுகிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன்.

எங்க ஊர் லால்பேட்டை. பாட்டிக்கு மாத்திரை வேண்டுமென்றால் முதலில் வீட்டு அலமாரி. இல்லையா, கடைத்தெரு மெடிக்கல். அங்கேயும் இல்லையென்றால் காட்டுமன்னார்கோவில், அதுக்கப்புறம் சிதம்பரம். நோட்டும் இப்படித்தாங்க. வெறும் பெயரை மட்டும் எழுதினால், எஃப்எஸ் மாதிரி தன்னிடமே இருக்கும் மாட்யூலா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் நோட்_மாட்யூல்ஸ், பிறகு அதற்கு மேல் ஃபோல்டரில் இருப்பது, இப்படியே ரூட் வரை ஏறும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். மேலே புது வெர்ஷன் இருந்தாலும் கீழே கிடைத்த பழசுதான், அலமாரியில் கிடக்கும் போன வருஷத்து மாத்திரை அட்டை மாதிரி.

'./' என்று தொடங்கினால் இந்த அலைச்சல் கிடையாது. "எங்க வீட்டிலேர்ந்து மூணாவது வீடு" என்பதுபோல, இந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கு. '../' என்றால் ஒரு படி மேலே. சொன்ன இடத்தில் இல்லையென்றால் எரர்தான்.

என் தப்பு இங்கேதான் இருந்தது. ஹெடர் ஃபைலின் முதல் எழுத்தை கேபிடலாக்கி, இம்போர்ட் வரியையும் மாற்றியிருந்தேன். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. அதனால் அங்கே ஓடும் கிட்டும் அந்தப் பெயர் மாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. நண்பனுக்குப் புது இம்போர்ட் வரி போனது, ஃபைல் மட்டும் பழைய பெயரிலேயே போனது. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்.

'கிட் எம்வி' போட்டுப் பெயரை மாற்றி, கமிட் பண்ணி, புஷ் செய்தபோது ராத்திரி மணி 2. "தப்பு என்னுதுடா" என்று அனுப்பினேன். அவனும் தூங்கவில்லை. "ஓடுது. காலைல டீ உன் கணக்கு" என்று பதில் வந்தது.

ரிவ்யூ நல்லபடியா முடிந்தது. நீங்க அடுத்த முறை நண்பனைத் திட்டுவதற்கு முன்னாடி, ஃபைல் பெயரை எழுத்தெழுத்தாக ஒரு தடவை பார்த்துடுங்க.